புரட்டாசியில் பிறந்த சைவர்

ஆவணி மாதத்தின் கடைசி ஞாயிறன்று காலையில் இட்லிக்குக் குடல் குழம்பு, மதியம் பிரியாணி, ராத்திரி மிச்சமிருந்த சுக்கா என்று ஒரு கை பார்த்துவிட்டு, மறுநாள் பல் தேய்த்துக்கொண்டே "இனிமே நான் சைவம்" என்று அறிவிக்கிறவர் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார். புரட்டாசிக்கு மட்டும் என்றால் வீட்டில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அது ஊரே செய்வது. நாமக்கல்லில் முட்டை விலையும் கறிக்கோழி விலையும் இறங்குகிற அளவுக்குச் செய்வது. நம் ஆள் சொல்வது அதுவல்ல. புரட்டாசி முடிந்தும் சைவம். ஆயுசுக்கும் சைவம்.

காரணம் கேட்டால் ஆளைப் பார்த்துச் சொல்வார். டாக்டரிடம் டிரைகிளிசரைடு. ஆபீஸில் புவி வெப்பமயமாதல். மாமனாரிடம் வள்ளலார். மூன்றுமே நல்ல காரணங்கள்தான். மூன்றும் ஒரே வாரத்தில் ஒரே ஆளுக்குத் தோன்றியதுதான் கொஞ்சம் இடிக்கிறது. வள்ளலார் பெயரை எடுக்கும்போது குரல் தழுதழுக்கும், கண்கூடக் கலங்கும். அந்த மகான் 1867-இல் வடலூரில் தரும சாலை கண்டு மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. கொல்லாமையோடு அவர் சேர்த்துச் சொன்னது, பசித்தவனுக்குச் சமைத்துப் போடு என்பது. நம் ஆள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். அடுப்புப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அறிவிப்புக்குக் கைதட்டல் எதிர்பார்த்தார். கூடத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"செவ்வாய், வெள்ளி நம்ம வீட்டுல கிடையாது. சனிக்கிழமை பெருமாளுக்கு. அப்புறம் அமாவாசை, கிருத்திகை, சஷ்டி. கார்த்திகையில மாலை போட்டா ஒரு மண்டலம். நீ பாதி வருஷம் சைவந்தானேடா? இதுல புதுசா என்னத்தக் கண்ட?"

இது அவருக்குப் பெரிய அடி. 2014-இல் மத்திய அரசு எடுத்த மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் பதினைந்து வயதைத் தொட்டவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். அதைப் படித்துவிட்டு, மீதி இரண்டு சொச்சத்தில் தானும் ஒருவன் என்று நெஞ்சு நிமிர்த்தியிருந்தார். அந்த 97 பேரும் வாரத்தில் பாதி நாள் சாம்பாரும் ரசமுமாகத்தான் ஓட்டுகிறார்கள் என்பது அந்தக் கணக்கில் வராது. அம்மாவின் கணக்கில் வரும்.

முதல் வாரம் எல்லைத் தகராறிலேயே போகும். முட்டை சைவமா? கடையில் விற்கிற முட்டையில் உயிர் இல்லை, குஞ்சு பொரிக்காது, ஆகவே சைவம் என்று தீர்ப்பு சொல்லி, ஆம்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டே அந்தத் தீர்ப்பை விளக்குவார். அடுத்து கருவாடு. அது எப்போதோ செத்தது, நமக்காகச் செத்ததல்ல என்பது வாதம். இதை மட்டும் அவராலேயே முழுசாக நம்ப முடியாமல் பாதியில் நிறுத்திவிடுவார். புரட்டாசி என்றாலும் பிள்ளைகளுக்காகக் கொதிக்கிற கோழிக் குழம்பின் வாசனை கூடத்துக்கு வரும் நாளில் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போகும்.

"ஏம்மா, குழம்பு மட்டும் ஊத்து. பீஸ் வேணாம்."

"குழம்பு சைவமாங்க?"

"பீஸ் இல்லேன்னா அது மிளகாய்த் தண்ணிதானே!"

தமிழ்நாட்டில் 'குழம்புச் சைவர்கள்' என்று ஒரு தனிப் பிரிவே இருக்கிறது. கணக்கெடுத்தால் அந்த 97 கொஞ்சம் குறையும்.

இரண்டாம் கட்டத்தில் உலகத்திலுள்ள காய்கறியெல்லாம் மட்டனாக மாற வேண்டும் என்று எதிர்பார்ப்பார். காளான் வந்தால் "அப்படியே ஈரல் மாதிரி" என்பார். பலாக்காயை மசாலா போட்டு வதக்கினால் கண்ணை மூடிக்கொண்டு நார் நாராகப் பிய்ப்பார். சேனையை வறுத்து, மீன் வறுவல் என்று பெயர் சூட்டுவார். எல்லாவற்றுக்கும் தலைவன் மீல் மேக்கர். சோயாவில் எண்ணெயைப் பிழிந்தெடுத்தபின் மிஞ்சும் மாவில் செய்கிற உருண்டை அது. சரிபாதிக்கு மேல் புரதம், சுவை ஏறக்குறைய பூஜ்யம். அதைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து ஒட்டப் பிழிந்தால்தான் மசாலா இறங்கும். நம் ஆள் ஊறவைத்ததைப் பிழியாமல் போட்டு, கடித்த இடமெல்லாம் தண்ணீர் பீய்ச்சியதை "ஜூஸியா இருக்கு" என்று பாராட்டினார். ஒரு கத்தரிக்காயைக் கத்தரிக்காயாகவே சாப்பிடலாம் என்ற யோசனை இதுவரை அவருக்கு வரவில்லை.

அப்புறம் புரோட்டீன் கவலை. குடல் குழம்பு தின்ற காலத்தில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. இப்போது துவரம்பருப்புப் பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுப் படிக்கிறார். நூறு கிராமில் 22 கிராம் என்று கண்டதும் முகம் மலர்கிறது. அது காய்ந்த பருப்பின் கணக்கு, நம் வீட்டுச் சாம்பாரில் பருப்பு தேடித் துழாவ வேண்டிய பொருள் என்று யாரும் சொல்லவில்லை. டாக்டர் மட்டும், "பி12 செடிகொடியில கிடையாது, பால் தயிரை விட்டுடாதீங்க, வருஷத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் பாருங்க" என்று சொல்லி அனுப்பினார். அதைப் பற்றி மூச்சு விடாமல் மனைவியிடம் வேறு ஒன்றைச் சொன்னார்.

"யானை என்ன மட்டனா திங்குது? எவ்வளவு பலம் பாரு!"

"யானை ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் மென்னுக்கிட்டே இருக்குங்க. நீங்க ஒம்பதரைக்கு ஆபீஸ் போகணும்."

அந்த அம்மாளின் எரிச்சலுக்கு நியாயம் உண்டு. அசைவச் சாப்பாட்டில் ஒரு குழம்பு முழு இலையையும் தாங்கும். கூட ரசம் இருந்தால் போதும். சைவத்தில் அப்படி ஒற்றை ஆளாகத் தாங்குகிற ஐட்டம் கிடையாது. சாம்பார் வைத்தால் பொரியல் எங்கே என்று இலை கேட்கும், பொரியல் வைத்தால் கூட்டு, கூட்டு வைத்தால் அப்பளம். கருணை எல்லாம் கணவருக்கு, காய் நறுக்குவதெல்லாம் மனைவிக்கு. பிள்ளைகளுக்கு ஒரு சட்டி, இவருக்கு நான்கு சட்டி என்று ஒரு மாதம் ஓட்டியபின் ஒரு ஞாயிறு காலை கரண்டியை அவர் கையில் கொடுத்தார். "சைவம் நீங்கதானே? அடுப்பும் நீங்களே பாருங்க."

எனக்கென்னவோ, அவர் சைவரானது அன்றைக்குத்தான்.

முதலில் வீட்டுப் பரணிலிருந்து 'சமைத்துப் பார்' இறங்கியது. 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் எழுதி, புதுக்குடித்தனம் போகும் பெண்களோடு ஊர் ஊராகப் போன புத்தகம். அதைப் பயபக்தியோடு திறந்து சாம்பார் செய்முறையை ஒரு தரம் படித்தார், எழுந்தார், தன் இஷ்டத்துக்கு வைத்தார். காயோடு புளியையும் முதலிலேயே கரைத்து ஊற்றிவிட்டதால் முருங்கைக்காய் கடைசிவரை வேகவே இல்லை. புளிப்பு ஏறினால் காய் மசியாது. ரசத்தைப் பத்து நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிட்டார். "நல்லாக் கொதிச்சாதாம்மா கிருமி சாகும்." கிருமியோடு ரசமும் செத்தது. நுரை கட்டி எழும்போதே இறக்க வேண்டிய பொருள் அது. பெருங்காயம் எங்கே, கடுகு எங்கே, கறிவேப்பிலை எங்கே என்று தாளிப்பதற்குள் பதினோரு கேள்வி. எண்ணெய் புகைந்து கூடமே இருமியது.

வாழைப்பூதான் அவரை மனிதராக்கியது. ஒவ்வொரு பூவிலும் கள்ளனைத் தேடி உருவ வேண்டும், கறுக்காமலிருக்க நறுக்க நறுக்க மோர்த் தண்ணீரில் போட வேண்டும், கையெல்லாம் கறை. கிரிக்கெட் மேட்ச்சின் ஒரு இன்னிங்ஸ் முடிந்தபோது தட்டில் இருந்தது ஒரு பிடி. அதை வதக்கி இறக்கியபோது அரைப் பிடி. அந்த அரைப் பிடியைச் சாப்பிட்டு எழுந்தவர் எதையும் எதனோடும் ஒப்பிடவில்லை. இரண்டு நாள் கழித்து, "அம்மா எப்படித் தெனமும் செஞ்சாங்க?" என்று மட்டும் கேட்டார். தெனமும் வாழைப்பூ செய்ய அம்மாவுக்கென்ன பைத்தியமா என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு பேச்சு குறைந்தது. வாரத்தில் இரண்டு நாள் அவர் சமையல் என்று ஆனது. பாசிப்பருப்பும் சுரைக்காயும் சேர்த்து வேகவைத்து, தேங்காய் சீரகம் அரைத்துவிட்டு, மேலே தாளித்துக் கொட்டுகிற கூட்டு கைக்கு வந்தது. பீன்ஸ் பொரியல் வந்தது. ரசம், பல முறை செத்துப் பிழைத்து, வந்தது. ஆபீஸில் யாராவது "நீங்க வெஜ்ஜாமே?" என்று கேட்டால் பிரசங்கம் செய்யாமல் டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டுகிற அளவுக்கு முன்னேறினார். மதம் மாறியவரைவிட மாறியதை மறந்தவர் தேவலை. பக்கத்து மேஜைக்காரர்களுக்கும் நிம்மதி.

ஆனாலும் தீபாவளி இருக்கிறதே. நம்மில் பல வீடுகளில் கங்கா ஸ்நானத்துக்கு அடுத்த சடங்கு இட்லியும் கறிக்குழம்பும். மச்சினன், சித்தப்பா, அவர்கள் பிள்ளைகள் என்று கூடம் நிறைந்த காலையில் நம் ஆள் நாலரை மணிக்கே எழுந்து தனக்கென்று ஒரு சின்னச் சட்டியில் கத்தரிக்காய் கொத்சு வைத்தார். "அதென்ன, ஒரு வாய் பார்ப்போம்" என்று ஆரம்பித்தது சித்தப்பா. பிறகு மச்சினன். பிறகு கறியைத் தட்டில் ஒதுக்கிவைத்துவிட்டுப் பிள்ளைகள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு இவர் உட்கார்ந்தபோது கொத்சுச் சட்டி வழித்த நிலையில் இருந்தது. கறிக்குழம்பு மட்டும் தளும்பிக்கொண்டு இருந்தது.

மனைவி கரண்டியோடு வந்து நின்றார். "குழம்பு மட்டும் ஊத்தவாங்க? பீஸ் இல்லாம?"

அவர் குழம்பைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இட்லிப் பொடி எங்கம்மா இருக்கு?"