பாசியின் அனுபவ பாத்தியதை

அடுக்ககத்து நீச்சல் குளம் யாருடையது என்று கேட்டால் சார்பதிவாளர் அலுவலகம் ஒரு விடை சொல்லும், குளம் வேறு விடை சொல்லும். சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையில் எந்தக் குடியிருப்பை எடுத்துக்கொண்டாலும், பத்திரப்படி குளம் எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பிரிபடாத பாகமாகச் சொந்தம். அனுபவப்படி அது பாசிக்குச் சொந்தம். தனியார் சொத்தொன்றை 12 ஆண்டுகள் வெளிப்படையாகவும் இடைவிடாமலும் உடையவருக்கு எதிராகவும் அனுபவித்து வந்தவரிடமிருந்து அதை மீட்க வழக்குப் போட முடியாது என்பது 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டமும் அதையொட்டிய தீர்ப்புகளும் வகுத்த நெறி. இந்த மூன்று தகுதிகளில் ஒன்றிலும் பாசி சோடை போகவில்லை. ஒன்பதாம் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கும் தெரிகிற நிறத்தில் இருப்பதால் வெளிப்படை. விடிந்ததிலிருந்து அடையும்வரை ஒளிச்சேர்க்கை செய்வதால் இடைவிடாமை. பத்திரக்காரர்களோ மே மாத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே தலைகாட்டுகிறார்கள். படியில் கால் வைத்தவரை வழுக்கி விழவைப்பதால் எதிரிடை. குறைவது ஆண்டுக் கணக்கு ஒன்றுதான். ஆகவே பச்சைக் குளத்தைத் தெளியவைப்பது துப்புரவுப் பணியன்று, சொத்து மீட்பு வழக்கு என்பதே இக்கட்டுரையின் துணிபு. சங்க நிர்வாகிகள் இதில் ஆண்டுதோறும் தோற்பதற்குக் காரணம், தீர்ப்பு கிடைத்ததும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், சுவாதீனம் எடுப்பதில்லை.

பாசி எங்கிருந்தோ படையெடுத்து வருகிறது என்று நினைப்பது முதற்பிழை. அதன் வித்துகள் காற்றிலும் மழையிலும் நீச்சலுடையிலும் நாள்தோறும் வந்து விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. காவல் விலகும்போது குடியேறுகின்றன. 2007இல் கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் வீட்டுக்கடன் தவணை கட்ட முடியாதவர்கள் வீட்டைப் போட்டுவிட்டுப் போனார்கள். மோட்டார் நின்றது, குளோரின் நின்றது. வானிலிருந்து எடுத்த படங்களில் கொல்லைக் குளங்கள் பச்சைப் பச்சையாகத் தெரிந்தன. அவற்றில் கொசு பெருகியதையும், அவ்வாண்டு அங்கே வெஸ்ட் நைல் காய்ச்சல் கூடியதையும் சேர்த்துவைத்து ஆய்வாளர்கள் 2008இல் கட்டுரை எழுதினார்கள். வங்கிக்குப் பயந்து ஒரு குடி வெளியேற, வாடகை பேசாமல் மறு குடி உள்ளே வந்துவிட்டது. பாழடைந்த வீட்டில்தான் இப்படி என்று சொல்லவும் இடமில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் டைவிங் குளம் உலகத் தொலைக்காட்சிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாயிற்று. யாரோ 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொட்டியதில் குளோரின் செயலிழந்துவிட்டது என்று அமைப்பாளர்கள் விளக்கம் தந்தார்கள். ஒலிம்பிக் வளையங்களைப் பார்த்துப் பாசி ஒதுங்கி நிற்கவில்லை.

குளோரினைக் கொட்டினால் முடிந்தது என்பார்க்கு மறுமொழி சற்று நீளமானது. நீரில் கரைந்த குளோரின் இரண்டு உருவில் இருக்கும். கொல்வது ஹைபோகுளோரஸ் அமிலம். ஹைபோகுளோரைட் அயனி பெரும்பாலும் வேடிக்கை பார்க்கும். பிஎச் 7.5இல் இரண்டும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. பிஎச் 8 ஆனால் வேலை செய்வது கால் பங்கு, 8.5இல் பத்தில் ஒன்று. பாசியோ நீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பிஎச் தானாகவே ஏறுகிறது. அதாவது ஆக்கிரமிப்பாளரே தம்மை வெளியேற்றும் சட்டத்தின் பல்லைப் பிடுங்கிக்கொண்டே இருக்கிறார்! எனவே முதலில் ஆசிட் விட்டு பிஎச்சை 7.2 அளவுக்கு இறக்கி, நீரை ஓடவிட்டு, பிறகுதான் ஹைப்போ என்கிற திரவக் குளோரினை ஊற்ற வேண்டும். இரண்டையும் ஒரே வாளியில் கலக்கும் சிக்கனக்காரருக்கு ஓர் எச்சரிக்கை: அதில் கிளம்பும் குளோரின் வாயு வெளியேற்றுவது பாசியை அல்ல, பத்திரக்காரர்களை.

அடுத்தது மாத்திரை. நம் ஊரில் டிசிசிஏ என்று விற்கப்படும் குளோரின் மாத்திரையோடு சயனூரிக் அமிலமும் குளத்தில் இறங்குகிறது. வெயிலில் குளோரின் சிதையாமல் காப்பது அதன் புண்ணியம். அதே பிடியால் குளோரினின் வேகத்தைக் குறைப்பது அதன் பாவம். குளோரின் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) சேரும்போது இது ஏறக்குறைய 6 பிபிஎம் சேர்கிறது. குளோரின் செலவாகிவிடும்; இது ஆவியாகாது, எளிதில் அழியாது. இரண்டு கோடை கழிந்தபின், சோதனைத் தாளில் குளோரின் இருப்பதாகக் காட்டும், குளமும் பச்சையாக இருக்கும். மாத்திரை போலி என்று சங்கக் கூட்டத்தில் சண்டை நடக்கும். கைதேர்ந்தவர்கள் கணக்கின்படி, சயனூரிக் அமிலம் 50 பிபிஎம் இருந்தால் பாசி போகும்வரை குளோரினை 20 பிபிஎம் அருகே நிறுத்த வேண்டும். 100 என்றால் 40. பத்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள குளத்தில் 75,000 லிட்டர் நீர். அதில் 20 பிபிஎம் என்றால் 10 சதவீத ஹைப்போ 15 லிட்டர் வேண்டும். அதையும் ஒருமுறை ஊற்றிவிட்டு நகரக் கூடாது. இறங்க இறங்க ஊற்ற வேண்டும். வெளியேற்றம் என்பது ஒரு நாள் கூத்தல்ல என்பது இங்கேதான் உறைக்கும்.

தேய்த்தாலே போகாதா என்பார் சிலர். இதற்குச் சங்க காலத்திலேயே கள ஆய்வு நடந்திருக்கிறது. குறுந்தொகை 399ஆம் பாட்டில் பரணர், தலைவியின் பசலைக்கு ஊர்க் கேணியின் பாசியை உவமை சொல்கிறார்: கை பட்டால் விலகும், கையை எடுத்தால் திரும்பிப் படரும். இலக்கிய மாணவர் பசலையைப் பார்க்கட்டும். குளம் பராமரிப்பவர் பாசியைப் பார்க்க வேண்டும். பிரஷ் தேவைதான், ஆனால் அது பாசியின் வழவழப்பைக் கிழித்து உள்ளே குளோரின் புக வழி செய்கிறதே தவிர வெளியேற்றுவதில்லை. செத்த பாசியும் தானாகப் போகாது. பச்சை மங்கி நீர் வெளுத்துக் கலங்கும் நாளில்தான் பலர் வெற்றி விழா எடுக்கிறார்கள். அப்போது மணல் ஃபில்டர் இரவு பகலாக ஓட வேண்டும்; அழுத்தமானியின் முள் ஏற ஏற, ஃபில்டரை எதிர்த்திசையில் கழுவி அழுக்கைச் சாக்கடைக்கு அனுப்ப வேண்டும்.

நீரையே மாற்றிவிடலாமே என்பது பரபக்கத்தாரின் வலுவான வாதம். சயனூரிக் அமிலம் மிஞ்சிப்போன குளத்தில் அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. ஒரு பகுதி நீரை மாற்றத்தான் வேண்டும். முழுதும் இறைத்தால், ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே நிற்கும்போது காலித் தொட்டியை அடியிலிருந்து அது தூக்கிப் பிளந்துவிடக்கூடும். நிரப்ப 12,000 லிட்டர் லாரி ஆறேகால் நடை வேண்டும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டதைப் பார்த்த ஊரில் அதைக் கேட்டு வாங்கும் துணிச்சல் யாருக்கும் இருக்கக் கூடாது. மயில்துத்தம் என்கிற தாமிர சல்பேட்டைப் போடலாம் என்பாரும் உளர். 1904லேயே அமெரிக்க வேளாண் துறை குடிநீர்த் தேக்கங்களுக்குப் பரிந்துரைத்த பழைய வித்தைதான் அது. பாசி சாகும், தாமிரம் தங்கும், சுவரில் கறை படியும், பொன்முடிக்காரர் தலை பச்சையாகும். கருமுடி ஊரில் இந்தச் சான்று கண்ணுக்குத் தெரியாது என்பதை அனுகூலமாகக் கொள்ள வேண்டாம். பாசி யாருக்கு என்ன கெடுதல் செய்தது, இருந்துவிட்டுப் போகட்டுமே என்ற சமரசக் கட்சிக்கு ஒரே விடை போதும்: அடித்தளம் தெரியாத குளத்தில் மூழ்குகிற குழந்தையும் தெரியாது.

சுவாதீனம் கைக்கு வந்ததா என்பதை நிறம் பார்த்துச் சொல்ல முடியாது. வெயில் அடங்கியபின் குளோரினை அளந்து, மறுநாள் வெயில் படுமுன் மீண்டும் அளக்க வேண்டும். இரவில் சூரியன் தின்ன வாய்ப்பில்லை. 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்திருந்தால் தின்றவர் இன்னும் உள்ளே இருக்கிறார். பெரும்பாலும் ஏணிக் குழாய்க்குள்ளோ நீருக்கடியில் உள்ள விளக்கின் பின்புறமோ இருப்பார். விளக்கைக் கழற்றித் தேய்க்கச் சொன்னால் குளத்துக்காரர் அது எலக்ட்ரீசியன் வேலை என்பார். எலக்ட்ரீசியன் அது குளத்து வேலை என்பார். இந்த எல்லைத் தகராறு தீரும்வரை பாசியை அங்கிருந்து அசைக்க எந்த நீதிமன்றத்தாலும் முடியாது.