கண்ணீர்க் கொடையாளர் திருவடிக்கு ஒரு பாமாலை

அழுவது எவருக்கும் வரும். நேற்றுவரை தெரிந்திருந்த அனைத்தையும் ஒரே இரவில் மறந்து, முன்பின் கண்டிராத ஒருவருக்காகக் குலுங்கி அழுவது மகான்களுக்கே கைவரும். அத்தகைய மகான்கள் நாடெங்கும் நிறைந்திருக்க, அவர்களை விட்டுவிட்டு ஆண்டவனைப் பாடிக்கொண்டிருக்கிறோமே என்ற வெட்கம் நெடுநாளாக இந்தச் சிறியேனை வாட்டுகிறது. விளையாட்டு வீரர் மறைந்த செய்தி கேட்டதும் முகப்புப் படத்தைக் கறுப்பாக்கும் அந்தப் பொற்கரங்களுக்கு என் முதல் வணக்கம்.

2022 மார்ச் 4ஆம் திகதி, தாய்லாந்தின் கோ சாமுய் தீவில், 52 வயதில், அவுஸ்திரேலியச் சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வோர்ன் பெருமான் இவ்வுலகை நீத்தார். மின்வெட்டில் நாடு இருண்டு கிடந்த நாட்கள் அவை. ஆயினும் கைபேசியில் எஞ்சியிருந்த கடைசித் துளி மின்சாரத்தையும் அன்னாருக்கே காணிக்கையாக்கிய தியாகிகளை நான் அறிவேன். அம்மாவுக்கு அழைப்பெடுக்க வைத்திருந்த மின்சாரம் அது. தாயினும் பெரியது துக்கம் என்று உணர்ந்த ஞானம் வேறெந்த நாட்டில் வாய்க்கும்?

நம் செத்த வீடுகளில் கல்வெட்டுப் பாடும் புலவர்களின் வித்தை உலகறிந்தது. காணியைச் சாராயத்தில் கரைத்தவர் முப்பத்தோராம் நாளில் தருமசீலர் ஆகிவிடுவார். ஆனால் அந்தப் புலவருக்குக்கூட முப்பத்தொரு நாள் அவகாசம் வேண்டியிருந்தது. நம் இரசிகப் பெருமக்களுக்கு முப்பத்தொரு நிமிடம் போதும்.

வோர்ன் பெருமானின் திருவிளையாடல்களுக்கு இலங்கை மண்ணே அரங்காக அமைந்தது நாம் முற்பிறப்பில் செய்த தவம். 1992இல் எஸ்.எஸ்.சி. மைதானத்தில், நாம் வென்றுவிட்டதாகவே எண்ணியிருந்த டெஸ்டில், கடைசி மூன்று விக்கெட்டுகளை ஓர் ஓட்டமும் கொடாமல் சாய்த்து, 16 ஓட்டங்களால் நமக்கு அடக்கத்தைப் போதித்தார். அது கலை, அதற்குக் குறை சொல்ல என்னைப் போன்ற பொறாமைக்காரனாலும் முடியாது. நான் வியப்பது அதன் பிறகு நடந்தவற்றை.

1994இல் கொழும்புக்கு எழுந்தருளியபோது, ஜோன் என்ற பெயரில் வந்த ஒரு பந்தயத் தரகரிடம் 5,000 அமெரிக்க டொலரை அன்பளிப்பாக ஏற்று, சக வீரர் மார்க் வோ பெருந்தகையைப் போலவே, ஆடுகளம் எப்படி, வானம் எப்படி என்று திருவாய் மலர்ந்தருளினார். எங்கள் கிளிவெட்டி வயற்காரரும் அண்ணாந்து பார்த்து மழை வருமா என்று சொல்வார்கள். காசு வாங்கத் தெரியாத பாமரர்கள். அவுஸ்திரேலிய கிரிக்கெட் சபையோ இந்த வானிலைச் சேவையின் மேன்மையைச் சரியாக உணர்ந்தது. 8,000 அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்து, அதைக் காதும் காதும் வைத்தாற்போல் 1998 டிசம்பர் வரை பொத்திப் பாதுகாத்தது. பெரியோரின் நற்செயலை ஊருக்குப் பறையறிவிக்கலாகாது என்ற பண்பு அது.

2003 உலகக் கிண்ணம் தொடங்கும் தறுவாயில், தடைசெய்யப்பட்ட சிறுநீர்ப்பெருக்கி அன்னாரின் உடலில் காணப்பட்டது. அம்மா தந்த குளிசை என்றார், மெலிவாகத் தோன்றுவதற்காம். பெற்ற தாயின் சொல்லைத் தட்டாமல் விழுங்கிய புத்திரனுக்கு ஓராண்டுத் தடை! அந்த வனவாசம் முடிந்து 2004 மார்ச்சில் திரும்பிவந்ததும் எங்கே? நம் காலியில்தான். இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட், அதில் ஐந்நூறாவதும் ஒன்று. எழுந்து நின்று கைதட்டினோம். குற்றத்தை மன்னிக்கச் சிலர் சிந்திப்பார்கள். நாங்கள் ஸ்கோரைப் பார்ப்போம். கணக்குத் தெளிவாக இருக்கிறது அல்லவா!

ஆகவே 2022இன் துக்கம் அத்தனை சிறப்பாக அமைந்ததில் வியப்பில்லை. அன்னார் மறைந்த மறுநாளே மொஹாலியில் நம் வீரரும் இந்திய வீரரும் கையில் கறுப்புப் பட்டி கட்டி மௌனமாக நின்றார்கள். மெல்பேர்ண் மைதானத்து அரச அஞ்சலிக்கு ஐம்பதாயிரம் பேர் திரண்டார்கள். ஜூன் 29இல் தொடங்கிய காலி டெஸ்ட் அன்னாரின் நினைவுக்கே படைக்கப்பட்டது. சாதாரண மக்களுக்கு எரிபொருள் விற்பனையை அரசு நிறுத்தியது அதே வாரத்தில். பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, பால்மா இல்லை. கண்ணீர் மாத்திரம் தட்டுப்பாடின்றிக் கிடைத்தது. வரிசையில்கூட நிற்க வேண்டியிருக்கவில்லை.

இந்தத் துக்கக் கலையில் நமக்கு நல்ல கூட்டாளிகள் உண்டு. ஆட்டங்களை விலைபேசி ஆயுட்காலத் தடை பெற்ற ஹன்ஸி குரோஞ்ஞே, 2002இல் விமான விபத்தில் மறைந்து இரண்டே ஆண்டில், தென்னாபிரிக்காவின் மாபெரும் மனிதர்களுக்கான வாக்கெடுப்பில் பதினோராம் இடத்தில் வீற்றிருந்தார். மரடோனா பகவான் கையால் அடித்த கோலுக்கு ஆண்டவனையே பங்காளியாக்கியவர். 2020இல் அவருக்கு ஆர்ஜென்டீனா மூன்று நாள் அழ, விளையாட்டுத் துறையில் இரண்டு நாள் துக்கம் அனுட்டித்தது கேரளம். தூரத்துச் சொந்தத்துக்கு ஒரு நாள் குறைவு. முறை தெரிந்த மனிதர்கள்.

தூரம் என்றதும் 1996 பெப்ரவரி நினைவுக்கு வருகிறது. ஜனவரி 31இல் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் சுமார் 90 பேர் மாண்டிருந்தார்கள். உலகக் கிண்ண ஆட்டத்துக்காகக் கொழும்பு வர அவுஸ்திரேலியர் மறுத்தார்கள். கடைத்தெருவில் சாமான் வாங்கப் போகும்போது குண்டுக்கு இரையாகலாமே என்று வோர்ன் பெருமான் அஞ்சியருளினார். உயிர்மேல் ஆசை எவருக்கும் உண்டு. கடைத்தெரு ஆசையும் சேர்ந்தால் அது இரட்டிப்பாகும். 13ஆம் திகதி இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாக வந்து கொழும்பில் ஆடி, பயமில்லை என்று உலகுக்குக் காட்டினார்கள். நாடே பூரித்தது.

அதற்கு இரண்டு நாள் முன்பு, 11ஆம் திகதி, எங்கள் கிளிவெட்டியை ஒட்டிய குமாரபுரத்தில் இராணுவத்தினர் 24 பேரைச் சுட்டும் வெட்டியும் கொன்றிருந்தார்கள். பெண்களும் சிறுவர்களுமாக. அந்த இருபத்துநால்வருக்கும் நாடு துக்கம் கொண்டாடவில்லை என்று யாரும் குறைப்படக் கூடாது. நியாயம் வேண்டும். அவர்களில் எவரும் 708 டெஸ்ட் விக்கெட் எடுத்தவரில்லை. சிலருக்குத் துடுப்பு மட்டையைத் தூக்கும் வயதே வரவில்லை. காசு வாங்கி ஆடுகளத்தைப் பற்றிச் சொன்னவரில்லை, குளிசை போட்டவரில்லை. மன்னிக்க ஒரு குற்றமாவது இருந்தால்தானே மறப்பதற்கு ஒரு சுவை இருக்கும்? பெருந்தன்மையைக் காட்ட வாய்ப்பே தராமல் செத்துப்போனவர்களுக்காக நம் மகான்கள் எப்படி அழுவார்கள்?

ஆனாலும் பெருந்தன்மை வீணாகவில்லை. வேறொரு பக்கம் போய்ச் சேர்ந்தது. இருபது ஆண்டுகள் பொறுத்திருந்து, 2016 ஜூலையில் அநுராதபுரம் மேல் நீதிமன்றத்தில் ஜூரிகள் சபை, குற்றஞ்சாட்டப்பட்டிருந்த முன்னாள் கோப்ரல்மார் அறுவரையும் விடுவித்தது. வானிலை சொன்னவருக்கு அவுஸ்திரேலியா 8,000 டொலர் தண்டம் அறவிட்டதே, என்ன கல்நெஞ்சம்! இங்கே ஒரு சதம் இல்லை. மன்னிப்பில் அவுஸ்திரேலியரை நாம் இன்னிங்ஸாலேயே வென்ற ஆட்டம் இது.

எல்லோருக்கும் இந்தத் துக்கக் கலை கைவருவதில்லை என்பதற்கு எங்கள் மூதூர்ப் பக்கத்துச் சம்பூரே சாட்சி. 2024 மே மாதம், முள்ளிவாய்க்காலில் மாண்டவர் நினைவாகக் கஞ்சி காய்ச்சியதற்காக அங்கே மூன்று பெண்கள் உட்பட நால்வர் கைதானார்கள். பிழை முழுவதும் அவர்களுடையதே. உப்பும் அரிசியும் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். ஆளைத் தெரிவுசெய்வதில் தவறிவிட்டார்கள். அந்தக் கஞ்சிப் பானைக்கு மேலே ஒரு சுழற்பந்து வீச்சாளரின் படத்தை மாட்டியிருந்தால், பொலிசாரும் ஆளுக்கொரு சிரட்டை வாங்கிக் குடித்து, தொப்பியைக் கழற்றி, ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போயிருப்பார்கள்.