தண்ணியைத் திறந்து விட்டுராதீங்க சாமி!

அணை என்று ஒன்று இருந்தால் அதற்குக் கீழே இருக்கிற விவசாயி என்ன கேட்பான்? தண்ணீர் திறந்து விடச் சொல்வான். கலெக்டர் ஆபீசில் மனு கொடுப்பான், கேட்காவிட்டால் ரோட்டில் உட்காருவான். ஒரத்துப்பாளையத்தில் மட்டும் ஆயக்கட்டுக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டு, கோர்ட்டுப் படியேறி, வேறு வரம் கேட்டார்கள்: "தண்ணியைத் திறந்து விட்டுராதீங்க சாமி!" யாருக்காக அணை கட்டப்பட்டதோ அவர்களையே அந்தத் தண்ணீரைக் கண்டு அலற வைத்த சாதனைக்கு ஒரு பாராட்டு விழாகூட இன்னும் நடக்கவில்லை. நன்றிகெட்ட நாடு.

வெள்ளியங்கிரியில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கிற நொய்யலின் குறுக்கே 1992-இல் கட்டி முடித்த அணை அது. உயரம் 40 அடி. செலவு 16 கோடிக்கு மேல். ஈரோடு, கரூர் பக்கம் ஏறத்தாழ 20 ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம் என்று கணக்கு. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அணைக்கு மேலே திருப்பூர் என்று சாயப்பட்டறைகள் நிறைந்த ஓர் ஊர் இருப்பதுதான் ஃபைலில் விட்டுப்போயிற்று. அணை கட்டியது ஒரு துறை, சாயப்பட்டறைக்கு அனுமதி கொடுத்தது இன்னொரு துறை. இரண்டு ஃபைலும் தனித்தனியே பார்த்தால் சுத்தம். இரண்டும் சந்தித்த ஒரே இடம் ஆறு. அங்கே கையெழுத்துப் போட எந்த அதிகாரியும் வரவில்லை.

சாயத்தின் சூட்சுமம் நிறத்தில் இல்லை, உப்பில் இருக்கிறது. பருத்தித் துணியில் சாயம் ஏற, தொட்டியில் உப்பைக் கிலோ கிலோவாகக் கொட்ட வேண்டும். துணி சாயத்தைக் குடிக்கும், உப்பைக் குடிக்காது. போட்ட உப்பு அப்படியே கழிவுத் தண்ணீரோடு வெளியே வரும். பொது சுத்திகரிப்பு நிலையம் என்று கட்டினார்களே, அங்கே சுண்ணாம்பைப் போட்டு நிறத்தை இறக்கினார்கள். உப்பு ஒரு கீறல்கூடப் படாமல் ஆற்றுக்குப் போனது. கண்ணுக்குத் தெரிகிற குற்றத்தைக் கழுவிவிட்டுத் தெரியாத குற்றத்தை ஊருக்கு அனுப்புகிற நிலையத்துக்குச் சுத்திகரிப்பு என்று போர்டு வேறு. அந்தத் தண்ணீர் முழுக்க வந்து தேங்க, மக்கள் வரிப்பணத்தில் தொட்டி தயாராக இருந்தது. 40 அடி உயரத்தில்.

அப்புறம் கிணறுகள் போயின, மண் போயிற்று. மாடு வாய் வைக்காத தண்ணீரை வைத்துக்கொண்டு தென்னந்தோப்புக்காரன் என்ன செய்வான்? நஷ்டஈடு வாங்குவான். அதற்கென்று அமைந்த ஆணையம் 2004-இல் 28,596 பேருக்கு 24 கோடியே 80 லட்சம் ரூபாய் அளவுக்கு நிர்ணயித்தது. வகுத்துப் பாருங்கள், தலைக்கு எட்டாயிரத்துச் சொச்சம். பாட்டன் வெட்டிய கிணற்றின் விலை அது.

2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளுக்குக் கெடு விதித்தது. கெடு முடியும்வரை வெளியே விடுகிற கழிவுக்கு அபராதம்: லிட்டருக்கு 6 காசு, பிறகு 8 காசு, பிறகு 10 காசு. நல்ல தண்ணீர் பாட்டில் என்ன விலை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஆற்றைக் கெடுப்பதுதான் இந்த நாட்டில் மலிவு என்று தெரிந்த பிறகு யார் திருந்துவார்கள்? 2011 ஜனவரியில் நீதிமன்றம் பொறுமை இழந்து எல்லாப் பட்டறைகளையும் மூடச் சொன்னது. அன்றைக்கு வேலை போனது யாருக்கு? தொட்டியில் கைவிட்டுத் துணி அலசியவனுக்கு. கப்பல் ஏறிய பனியனை வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவனுக்கு ஒரு பொத்தான்கூடக் கழலவில்லை. அதே ஆண்டு சுத்திகரிப்பைச் சீர்செய்ய வட்டியில்லாக் கடன் 200 கோடி அறிவிக்கப்பட்டது. கெட்ட நிலத்துக்கு எட்டாயிரம், கெடுத்த தொழிலுக்கு இருநூறு கோடி. விகிதாச்சாரம் தெரிந்த அரசு.

இப்போது திருப்பூரில் கழிவிலிருந்து தண்ணீரையும் உப்பையும் பிரித்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைக் கேட்டால்தான் வயிறு இன்னும் எரிகிறது. செய்ய முடிகிற காரியத்தை, ஊரே உப்பாகிக் கோர்ட்டு பூட்டுப் போடுகிறவரை செய்யாமல் இருந்ததற்கு என்ன பெயர்? வளர்ச்சி என்றார்கள், அன்னியச் செலாவணி என்றார்கள், டாலர் சிட்டி என்றார்கள். கையெழுத்துப் போட்ட பேனாக்களுக்குச் சொந்தக்காரர்கள் வயது வந்து ஓய்வு பெற்று, ஒன்றாம் தேதி தவறாமல் பென்ஷன் வாங்கினார்கள். பட்டுப்போன தென்னைக்குத்தான் பென்ஷன் விதியில் இடமில்லை.

2017-இல் நொய்யலில் நுரை பொங்கியபோது, அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் கே.சி.கருப்பணன் ஆராய்ந்து காரணம் கண்டுபிடித்தார்: மக்கள் சோப்புப் போட்டுக் குளிக்கிறார்களாம், அந்த நுரையாம். இத்தனை வருஷம் வக்கீலுக்குப் பணம் கட்டி அலைந்த ஆயக்கட்டுக்காரர்களுக்கு இது முன்பே தெரியாமல் போனதே! கேஸ் போட்டிருக்கவே வேண்டாம். கோயமுத்தூர்க்காரர்கள் நாலு நாள் குளிக்காமல் இருந்திருந்தால் போதும், 28,596 பேரின் கிணற்றிலும் இந்நேரம் நல்ல தண்ணீர் ஊறியிருக்கும்.