நாலு விரலில் மறைந்த திரை

எங்கள் வீட்டுக்கு டிவி வந்த அன்று அம்மா போட்ட முதல் சட்டம் தூரத்தைப் பற்றியது. திருவண்ணாமலையில் பே கோபுரம் பக்கம் எங்களுடையது நீளவாக்கில் போகும் ஓட்டு வீடு. கூடத்தின் ஒரு கோடியில், மர ஸ்டூல் மேல் 14 அங்குல கறுப்பு வெள்ளை டிவி. அதிலிருந்து எட்டடி தள்ளி, சிமெண்ட் தரையில் சிவப்புப் பட்டை ஒன்று ஓடும். அந்தப் பட்டையை யாரும் தாண்டக் கூடாது. "கிட்ட போய் பாத்தா கண்ணு பூத்துடும்டா, தள்ளி உக்காரு" என்று அடுப்படியிலிருந்தே குரல் வரும். எங்கள் முதுகைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிடும்.

அந்தத் தூரத்திலிருந்து கையை நீட்டி நாலு விரலைச் சேர்த்துப் பிடித்தால் டிவி முழுசாக மறைந்துவிடும். விளம்பரம் வரும்போதெல்லாம் நானும் தம்பியும் அப்படி மறைத்து விளையாடுவோம். ஆனாலும் அது சின்ன டிவி என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. தெருவில் பத்துப் பேர் வந்து உட்கார்ந்து பார்த்த டிவி அது. வாங்கும்போது சாலிடேரா டயனோராவா என்றுதான் அப்பா யோசித்தார். இரண்டுமே சென்னையில் தயாரானவை. எத்தனை அங்குலம் என்று அவர் யோசித்ததாக எனக்கு நினைவே இல்லை.

போன கார்த்திகையில், அதே இடத்தில் கட்டிய மாடி வீட்டில், இஞ்ச் டேப்பை எடுத்து என் மகனின் மூக்கிலிருந்து சுவர் வரை அளந்தேன். இரண்டடிக்குக் கொஞ்சம் மேலே. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கேம் விளையாடப் பெரிய மானிட்டர் வேண்டும் என்று ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். 20 ஆயிரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது என் கணக்கு. எட்டடி தள்ளி உட்காரச் சொன்ன வீட்டில், இரண்டடி தூரத்தில் எவ்வளவு பெரிய திரையை வைக்கலாம் என்று நான் அளந்துகொண்டிருந்தேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

இருபத்தைந்து வருஷமாக டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ், கிரிவலத் துண்டு நோட்டீஸ். பேஜ்மேக்கரில் தொடங்கியபோது என் முன்னால் இருந்தது 15 அங்குலப் பழைய குழாய் மானிட்டர். ஒருவராகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். திரையோடுதான் என் பிழைப்பு என்பதால் இதில் மட்டும் ஏமாறக் கூடாது என்று நினைத்தேன்.

முதலில் போன கடையில் 32 அங்குலத்தைக் காட்டினார்கள். விலை என் கணக்குக்குள் வந்தது. "தியேட்டர் மாதிரி இருக்கும் சார்" என்றார் கடைக்காரர். ஆறடி தள்ளி நின்று பார்த்தபோது அவர் சொன்னது உண்மைதான். ஒரு நாற்காலி கேட்டு வாங்கி, மேசைக்கு முன்னால் போட்டு, இரண்டடியில் உட்கார்ந்தேன். நோட்பேடைத் திறந்து, தமிழில் 'அண்ணாமலை' என்று சின்ன எழுத்தில் அடிக்கச் சொன்னேன். 'ண்ணா'வில் இருக்கும் சுழிகளைப் பார்த்தேன். வளைவு வளைவாகவே இல்லை, படிக்கட்டு மாதிரி உடைந்து நின்றது. உள்சுழி அடைத்துப்போய்க் கறுப்புப் பொட்டாகத் தெரிந்தது. ஆங்கில எழுத்தில் இது சட்டென்று கண்ணில் படாது. தமிழில் சுழி உடைந்தால் உடனே தெரிந்துவிடும்.

காரணம் எளிமையானது. அந்தத் திரை முழு எச்டி. குறுக்கே 1920, நெடுக்கே 1080, மொத்தம் 20 லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். 24 அங்குலத்திலும் அதே எண்ணிக்கைதான், 32 அங்குலத்திலும் அதேதான். கண்ணாடி பெரிசாகப் பெரிசாக ஒவ்வொரு புள்ளியும் வீங்குகிறது. 24இல் ஒரு அங்குல நீளத்துக்கு 92 புள்ளிகள் விழும். 27இல் 82. 32இல் 69தான். கூடத்தில் மாட்டி தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு 69 போதும். மேசையில் உட்காருபவருக்குப் போதாது. அங்குலத்தை மட்டும் சொல்லி விற்கும்போது இந்தக் கணக்கை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அது எனக்கு மனசு பொறுக்காத விஷயம். பையன் கேட்கிறான் என்று சேர்த்து வைத்த பணத்தோடு வரும் எத்தனை அப்பாக்கள் 'பெரிசு' என்ற ஒரு சொல்லை நம்பி வாங்கிப் போகிறார்கள்!

இதற்கு வழி, புள்ளிகளைக் கூட்டுவது. 2560க்கு 1440 என்று ஒரு வகை இருக்கிறது, பையன்கள் 'க்யூஎச்டி' என்பார்கள். 36 லட்சத்து 86 ஆயிரத்து 400 புள்ளிகள். 27 அங்குலத்தில் அது அங்குலத்துக்கு 109 ஆகிவிடும். 32 அங்குலமே வேண்டும் என்றால் இந்த வகையில் வாங்கினால் 92 வரும், 24 அங்குல முழு எச்டிக்குச் சமம். '4கே' என்பது இன்னும் மேலே, 82 லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். ஆனால் அத்தனை புள்ளிகளையும் ஒவ்வொரு நொடியும் பல தடவை வரைந்து கொடுக்கிற கிராபிக்ஸ் கார்டு மானிட்டரைவிட விலை கூடியது. மகனிடம் இருப்பது நடுத்தரமான கார்டு. அது 1440ஐத் தாங்கும், 4கேயில் திணறும். மானிட்டர் பார்க்கப் போவதற்கு முன் கணினிக்குள் என்ன கார்டு இருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

பக்கத்து வீட்டுக்காரர், "அதே காசுக்கு 43 இஞ்ச் டிவியே வருமேப்பா" என்றார். வரும்தான். ஆனால் அந்த விலை டிவி பெரும்பாலும் நொடிக்கு 60 தடவைதான் படத்தைப் புதுப்பிக்கும். படத்தை அழகாக்குகிறேன் என்று உள்ளுக்குள்ளே கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொண்டுதான் காட்டும். சினிமாவுக்கு அது தெரியாது. மௌஸை நகர்த்தியபின் குறி நகர்வது ஒரு நூலிழை தாமதித்தாலும் விளையாடுகிறவன் கைக்குத் தெரிந்துவிடும். 'கேம் மோட்' போட்டால் குறையும், அவ்வளவுதான். இரண்டடியில் 43 அங்குலத்தை வைத்தால் ஓரத்தைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டும் என்பது தனி.

இந்தத் தாமதத்தைப் பற்றிப் படிக்கும்போதுதான் எனக்கு அந்தத் துப்பாக்கி ஞாபகம் வந்தது.

தொண்ணூறுகளில் மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், தையல் கடைக்குப் பின்னால், வீடியோ கேம் கடை இருந்தது. மூன்று டிவி. எல்லாம் 14 அங்குலம். அரை மணிக்கு மூன்று ரூபாய். மஞ்சள் கேசட்டை வாயால் ஊதிச் செருகினால் மரியோ, காண்ட்ரா, டாங்கி சண்டை. காண்ட்ராவில் இரண்டு பேராகச் சேர்ந்து போகலாம். ஒருவன் வேகமாக மேலே ஏறினால் கீழே இருப்பவன் திரையோடு சேர்ந்து செத்துப்போவான். அதற்காகவே எத்தனையோ நாள் பேச்சுவார்த்தை நின்றிருக்கிறது. வாத்துச் சுடும் விளையாட்டுக்கு மட்டும் ஆரஞ்சுக் குழல் வைத்த பிளாஸ்டிக் துப்பாக்கி ஒன்று கொடுப்பார்கள். கடைக்காரரும் அங்கே ஒரு கோடு போட்டிருந்தார், அதற்குப் பின்னால் நின்றுதான் சுட வேண்டும் என்று. அவர் திரும்பும் சமயம் பார்த்துப் பாய்ந்து போய்த் துப்பாக்கியின் வாயைக் கண்ணாடியோடு ஒட்டிச் சுடுவோம்.

துப்பாக்கியிலிருந்து ஏதோ கதிர் புறப்பட்டு டிவிக்குள் போகிறது என்று அன்றைக்கு நம்பினோம். நடந்தது நேர் தலைகீழ். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் ஒன்று மின்னும். குழலுக்குள் இருக்கும் கண் அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும், காணாவிட்டால் பறந்துவிடும். எல்லாம் நொடியில் சிறு பங்குக்குள் முடிந்துவிட வேண்டும். குழாய் டிவியில் மின்கற்றை பட்ட இடம் பட்ட உடனே ஒளிரும், அதனால் முடிந்தது. இன்றைய தட்டைத் திரையில் அந்தத் துப்பாக்கி வேலை செய்யாது. வெளிச்சம் தாமதித்து வருகிறது. துப்பாக்கியின் சுற்றும் குழாய் டிவி கோடு கோடாக வரையும் வேகத்துக்கென்றே அமைந்தது.

மூன்று ரூபாய்க்குக் கிடைத்த டிவியில் தாமதம் என்ற பேச்சே இல்லை. அந்தக் குழாய்க்கு இயல்பாகவே இருந்த சுறுசுறுப்பை, தட்டைத் திரை இருபது வருஷமாகத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. பெட்டி மேல் இன்று '1 எம்எஸ்', '165 ஹெர்ட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டுக் காசு கேட்பது அதற்குத்தான். அதில் '1 எம்எஸ்'ஸை நான் நம்புவதில்லை. கம்பெனிக்குக் கம்பெனி அதை அளக்கும் விதமே வேறு. ஹெர்ட்ஸ் கணக்கு நேர்மையானது. 60 என்றால் படத்துக்குப் படம் 16.7 மில்லி நொடி. 144 என்றால் 6.9. 165 என்றால் 6.1. 60லிருந்து 144க்குப் போகும்போது கையே வித்தியாசத்தைச் சொல்லும். 144க்கும் 165க்கும் நடுவில் அப்படி இல்லை, அதற்காகக் கூடுதலாக ஆயிரம் இரண்டாயிரம் கொடுக்கத் தேவையில்லை.

திரை வகையில் 'ஐபிஎஸ்', 'விஏ' என்று இரண்டுதான் எங்கள் விலைக்குள். விஏயில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும். விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பவருக்கு அருமை. ஆனால் விலை குறைந்த விஏயில் இருட்டுக் காட்சியில் ஆள் ஓடினால் பின்னாலேயே மை இழுத்த மாதிரி ஒரு நிழல் வரும். எங்கள் வீட்டில் டியூப் லைட் அணைவதே இல்லை. ஐபிஎஸ் என்று முடிவு செய்தோம். பந்தயம் கட்டி ஆடுகிற தொழில்முறை ஆட்டக்காரர்கள் 24, 25 அங்குலத்திலேயே ஆடுகிறார்கள், மொத்தத் திரையும் ஒரே பார்வைக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக. இதைச் சொன்னதும் மகன் யோசித்தான். வேலோரண்ட் மாதிரி சுடும் கேம் மட்டும் ஆடுவதென்றால் அதுவே போதும், கதை உள்ள கேமும் ஆடுவேனே அப்பா என்றான். 27, 1440, ஐபிஎஸ், 165 என்று எழுதி மடித்துப் பையில் வைத்தேன்.

ஒரு காலத்தில் 32 அங்குலத்தைத் தாண்டினால் வரியும் ஏறும். 2019 ஜனவரி முதல் 32 வரை 18 சதவீதம், அதற்கு மேல் 28. 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு அந்தக் கோடு அழிந்து எல்லாவற்றுக்கும் 18 ஆகிவிட்டது. 27 வாங்கும் எங்களுக்கு அதில் நஷ்டமும் இல்லை, லாபமும் இல்லை.

ஆர்டர் போட்டது தீபத்துக்கு மூன்று நாள் முன்னால். இந்த ஊரில் பிறந்தவன் அந்தத் தப்பைச் செய்திருக்கக் கூடாது. டிசம்பர் 3 மகாதீபம், மறுநாள் பௌர்ணமி. ஊரைச் சுற்றி எல்லாச் சாலையிலும் வண்டியை நிறுத்திவிட்டார்கள். பார்சல் ஊருக்கு வெளியே கிடந்தது. அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மொட்டை மாடியில் அம்மாவைப் பிடித்து நிறுத்தி மலையைப் பார்த்தோம். 2,668 அடி உயரத்தில் கொப்பரையில் சுடர் ஏறியது. கீழே லட்சக்கணக்கான குரல். மகன் கையை நீட்டி ஒற்றைச் சுண்டுவிரலால் சுடரை மறைத்துப் பார்த்தான். நான் அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஐந்தாம் தேதி டிவிஎஸ் எக்ஸ்எல்லின் முன்பக்கத்தில் அட்டைப்பெட்டியை நிறுத்திக் கொண்டுவந்தேன். முதல் வேலையாக வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று திரையை நிரப்பிச் செத்த புள்ளி இருக்கிறதா என்று பார்த்தோம். இல்லை. ஆனால் மகன் முகம் வாடியிருந்தது. "பழசுக்கும் இதுக்கும் ஒண்ணும் வித்தியாசம் தெரியலப்பா." டிஸ்ப்ளே செட்டிங்கைத் திறந்தால் 60 என்று இருந்தது. செட்டாப் பாக்ஸிலிருந்து உருவிய பழைய எச்டிஎம்ஐ வயரைச் செருகியிருந்தான். பெட்டிக்குள் வந்த டிஸ்ப்ளே போர்ட் வயரை மாற்றி, 165ஐத் தேர்ந்தெடுத்து, மௌஸை வட்டமாகச் சுற்றச் சொன்னேன். அம்புக்குறி வெண்ணெயில் வழுக்குவது மாதிரி ஓடியது. சொல்லாவிட்டால் வருஷக்கணக்கில் 60லேயே ஓட்டியிருப்பான். இப்படி எத்தனை வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறதோ.

பிறகு 'அண்ணாமலை' என்று அடித்துப் பார்த்தேன். சுழி உடையவில்லை.

பரணில் இடம் தேடி அட்டைப்பெட்டியைச் செருகும்போது ஆரஞ்சுக் குழல் கையில் தட்டுப்பட்டது. அந்தக் கேம் கடை மூடியபோது தம்பி சில்லறைக்கு வாங்கிவந்த செட்டு, துணியில் சுற்றியபடி இருந்தது. புது மானிட்டரில் அதைச் செருகும் ஓட்டையே இல்லை. செங்கத்தில் தங்கை வீட்டில், அரசு 2006இல் தொடங்கிய திட்டத்தில் கிடைத்த 14 அங்குல கலர் டிவி இன்னமும் ஓடுகிறது. பொங்கலுக்கு எல்லோரும் அங்கே போனபோது பையில் போட்டு எடுத்துப் போனோம். மஞ்சள் கேசட்டை ஊதிச் செருகினேன். மூன்றாம் தடவை படம் வந்தது.

மகன் சுவரோரம் நின்று சுட்டான். இரண்டு வாத்தும் பறந்துவிட்டன. அம்மா பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை சுட்டான், அதுவும் தப்பியது. திரும்பி ஒரு முறை எங்களைப் பார்த்தான். சட்டென்று போய்த் துப்பாக்கியின் வாயைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து விசையை இழுத்தான்.

வாத்து விழுந்தது.