பிரேக் பிடித்தால் ‘டொக்’: சத்தத்தைக் கட்டிக்காக்கும் வழிகள்

பிரேக்கை மிதித்ததும் முன்சக்கரப் பக்கமிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். வாழ்த்துகள். முறையாகப் பேணினால் இது பல மாதம் உங்களோடு இருக்கும்.

முதலில் பாட்டைச் சத்தமாக வையுங்கள். “என்னங்க, ஏதோ இடிக்குதே” என்று பக்கத்து சீட்டிலிருந்து குரல் வந்தால், “மெட்ரோ வேலை நடக்குதுல்ல, ரோடு அப்படித்தான்” என்று சொல்லிவிடுங்கள். சென்னையில் இதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

அடுத்து, மச்சானிடம் கேளுங்கள். “டிஸ்க் போயிருக்கும் மாப்ள” என்பார். டிஸ்க் கோணினால் பெடலும் ஸ்டீயரிங்கும் உதறுமே தவிர, இப்படி ஒற்றை ‘டொக்’ வராது. அவரிடம் இதைச் சொல்லாதீர்கள். பண்டிகைக்கு முகம் பார்க்க வேண்டும்.

காலி மைதானம் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். அங்கே மெதுவாக முன்னால் போய் ஒரு பிரேக், பின்னால் எடுத்து ஒரு பிரேக் என்று மாற்றி மாற்றிப் பிடித்தால் குட்டு உடைந்துவிடும். திசை மாறியபின் முதல் மிதிக்கு மட்டும் ‘டொக்’ வந்து, பிறகு அதே திசையில் எத்தனை முறை மிதித்தாலும் வரவில்லையா? பெரும்பாலும் பிரேக் பேட் தன் இடத்தில் நகர்ந்து இடிக்கிறது. பேடைப் பிடித்திருக்கும் கிளிப் தளர்ந்திருக்கும், அல்லது போன முறை பேட் மாற்றியவர் அதைத் திருப்பிப் போடவே இல்லை. ஒவ்வொரு மிதிக்கும் வருகிறதென்றால் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், காலிப்பர் போல்ட் என்று சந்தேகப் பட்டியல் நீளும். மேடுபள்ளத்தில் கடகடத்து, பிரேக்கை லேசாகத் தொட்டதும் அடங்கினால் பேடோ காலிப்பரோ ஆடுகிறது. பிரேக்கைத் தொடாதபோதே ஸ்பீட் பிரேக்கரில் இடித்தால் முதலில் லிங்க் ராடைப் பார்க்கலாம்; பிரேக் பாவம், அதற்கு இதில் சம்பந்தமே இருக்காது. காசு செலவில்லாமல் இவ்வளவும் தெரிந்துபோனால் ஒர்க்‌ஷாப்காரர் எப்படிப் பிழைப்பார்?

அவரிடம் சத்தம் எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்றெல்லாம் விவரிக்க வேண்டாம். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டவும் வேண்டாம். “ஏதோ சத்தம் வருதுண்ணே, பாத்துப் பண்ணுங்க” போதும். இந்த ஒரு வாக்கியத்துக்குத் தமிழ்நாட்டில் திறக்காத பில் புத்தகம் கிடையாது. முதல் வாரம் பேட், அடுத்த வாரம் டிஸ்க், அதற்கடுத்து லிங்க் ராடு இரண்டு பக்கமும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். சமீபத்தில் பஞ்சர் போட்ட வண்டி என்றால் இன்றே வீல் நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தளர்ந்த சக்கரமும் இதே சத்தம்தான் போடும். சத்தம் அடங்கட்டும் என்று எண்ணெய் ஸ்பிரேயைப் பிரேக்கில் அடிக்காதீர்கள். பேடில் எண்ணெய் பட்டால் சத்தம் போகிறதோ இல்லையோ, வண்டி நிற்காது. காலிப்பர் பின்னுக்குப் போட வேண்டியதும் அதற்கென்றே உள்ள சிலிகான் கிரீஸ்தான்; சாதாரண கிரீஸ் அதன் ரப்பரை ஊத வைத்துவிடும்.

மற்றபடி, எல்லாம் மாற்றி முடித்ததும் கழற்றிய பழைய சாமான்களை மறக்காமல் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த சத்தம் தயார்.