பாட்டி ஆண்ட மதுரை

கேள்வி: ரஷ்யாவின் கேத்தரின் மாதிரி அரண்மனை, கிரீடம், அதிகாரம் என்று ஆண்ட அரசி நம் பக்கம் உண்டா? (வாசகி, பெரும்பாக்கம்)

பதில்: கிளாம்பாக்கம் பக்கம்தானே, மதுரைக்கு பஸ் ஏறுங்கள்.

கேத்தரின் 1762-இல் கணவர் மூன்றாம் பீட்டரை இறக்கிவிட்டு அமர்ந்தவர். தலையில் சுமார் 5,000 வைரக் கிரீடம். மகன் பாலுக்கு 42 வயதாகும்வரை நாற்காலி காலியாகவில்லை. ராணி மங்கம்மாள் யாரையும் இறக்கவில்லை. மகன் அம்மை கண்டு இறந்துபோக, கைக்குழந்தைப் பேரனுக்குப் பட்டம் கட்டி, 1689 முதல் அவன் பெயரில் நாட்டை நடத்தினார். சாலை போட்டார், சத்திரம் கட்டினார். கடைசியில் அந்தப் பேரனே பாட்டியைச் சிறைவைத்து, சாப்பாட்டைக் கண்ணெதிரே வைத்துப் பட்டினி போட்டான் என்பது மதுரைக் கதை. பால் எவ்வளவோ தேவலை. அம்மா போன மறுவருஷம், வம்சத்தில் ஆண் வாரிசு மிச்சமிருக்கும்வரை பெண் அரியணை ஏறக்கூடாது என்று சட்டம் போட்டதோடு சரி!

மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை இன்று காந்தி மியூசியம். கேத்தரினின் குளிர்கால அரண்மனையும் மியூசியம்தான்.

வாரிசுச் சண்டையே இல்லாத அரசி என்றால் மீனாட்சிதான். சித்திரையில் வேப்பம்பூ மாலையும் கிரீடமுமாகச் செங்கோல் வாங்குகிறாள். ஆவணியில் பொறுப்பு கணவருக்கு. கேத்தரின் வீட்டில் இந்த ஏற்பாடு இருந்திருந்தால் மூன்றாம் பீட்டர் பிழைத்திருப்பார்.