நாயின் பகல்நேர உடைமை: ஓர் ஆய்வு

காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பி இரவு எட்டுக்குத் திரும்புகிறவர், ‘நான் நாய் வளர்க்கிறேன்’ என்று சொல்லிக்கொள்வது எவ்வளவு தூரம் செல்லும் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள். துறை அறிஞர்கள் நாயின் இனம், தீனி, தடுப்பூசி ஆகியவற்றோடு நின்றுவிட்டனர். பகலில் அது யாருடைய நாய் என்ற கேள்வியை ஒருவரும் தொட்டதாகத் தெரியவில்லை.

முதற்சான்று ஜப்பானிலிருந்து கிடைக்கிறது. தோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் உவேனோ ஹிதேசபுரோ முழுநேர ஊழியர், நாயும் வைத்திருந்தார். ஆகவே நம் ஆய்வெல்லைக்குள் கச்சிதமாக அடங்குகிறார். மாலையானால் அவருடைய ஹச்சிகோ ஷிபுயா ரயில் நிலையத்துக்குப் போய் நிற்கும். 1925 மே மாதம் வேலைக்குப் போன பேராசிரியர் அங்கேயே இறந்துபோனார். நாயோ 1935 மார்ச்சில் தான் சாகும்வரை நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. அது உயிரோடிருக்கும்போதே, 1934இல், சிலையும் வைத்துவிட்டார்கள்.

உலகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு இத்தோடு எழுந்து போய்விடுகிறது. ஆய்வாளர் அப்படிப் போக முடியாது. இறந்த ஹச்சிகோவின் வயிற்றில் யாகிடோரிக் குச்சிகள் இருந்தன. கோழிக்கறியைக் கோத்துச் சுட்டு விற்கிற குச்சி அது. தானாக நடந்து ஒரு நாயின் வயிற்றுக்குள் போகாது. காத்திருந்தது பேராசிரியருக்காக; தின்றது கடைத்தெருக்காரர்கள் கையால். இதிலிருந்து நம் கருதுகோள் பிறக்கிறது: வேலைக்குப் போகிறவரின் நாய்க்கு எங்கேயோ ஒரு பகல் உரிமையாளர் உண்டு.

களம்: வேளச்சேரிப் பக்கம் ஓர் அடுக்ககம். மகனும் மருமகளும் ஐடி. லாப்ரடார் குட்டி வந்த அன்று மகன், ‘நாங்களே பாத்துக்குவோம்மா, உனக்கு ஒரு வேலையும் இருக்காது’ என்றார். ‘அடுப்படிப் பக்கம் வந்துச்சுன்னா நான் ஊருக்குப் போயிடுவேன்’ என்றார் அம்மா. இத்துறையில் ஒரு நியதி உண்டு: குட்டி வரும்போது யார் அதிகம் எதிர்த்தாரோ அவர்தான் பின்னாளில் பகல் உரிமையாளர்.

கல்லில் ஒட்டிப் பிய்ந்து வரும் முதல் தோசை இப்போது அடுப்படி வாசலில் உட்கார்ந்திருக்கும் நாய்க்கு. மதியம் தயிர்சாதம். நாலு மணிக்கு டீயில் நனைத்த மேரி பிஸ்கட். விலை கொடுத்து வாங்கிய தீவனம் டப்பாவில் நமுத்துக் கிடக்கிறது. சோபாவில் ஏறக் கூடாது என்பது மகன் போட்ட சட்டம். சீரியல் ஓடும் நேரத்தில் அது அமலில் இல்லை. இரவு லிஃப்ட் வந்து நிற்கும் சத்தத்துக்கு நாயின் காது நிமிரும். ‘எறங்குடா கண்ணா, அவன் வந்துட்டான்’ என்று அம்மா துண்டை எடுத்து சோபாவில் ஒட்டிய முடியைத் தட்டிவிடுவார். கதவு திறக்கும்போது நாய் தரையில் இருக்கும், முகத்தில் பத்து நாள் பட்டினியோடு. ‘பாவம், பகலெல்லாம் ஏங்கிப் போயிருக்கு’ என்பார் மகன். அம்மாவும் நாயும் மறுத்துப் பேசுவதில்லை.

மருமகள் அலுவலகத்திலிருந்தே செல்போனில் கேமரா வழியாகக் கண்காணிக்கிறார். வளர்ந்த நாய் ஒரு நாளில் பாதியைத் தூங்கியே கழிக்கும். மீட்டிங்குக்கு நடுவே அதைப் பார்த்துக்கொண்டிருப்பதால் தெரியவருவது, இருவரில் யாருக்குக் கொடுப்பினை என்பது மட்டும்தான்.

பகலில் ஆளே இல்லாத வீடு? கருதுகோள் அங்கேயும் நிற்கிறது, சற்றுக் கோணலாக. மூன்று மாதக் குட்டியால் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. அதற்குப் பிறகு கதவுக் கட்டையைக் கடிக்கும், ஊளையிடும். அந்த வீட்டில் பகல் உரிமையாளர் எதிர் ஃபிளாட்காரர். அந்தப் பதவியை அவர் கேட்டு வாங்கவில்லை. நாய் வளர்க்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடைபோட முடியாது என விலங்குகள் நல வாரியம் 2015இலேயே சொல்லியிருப்பதால், அவர் புகார் எழுதியும் பெரிய பயன் இல்லை. பரிகாரம் ஒன்றுதான்: மதியம் வந்து கதவைத் திறந்து நாயை வெளியே கூட்டிப்போக ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது. அதற்கு மனம் வராதவர்கள் குட்டி வாங்காமலிருக்கலாம்.

சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு உரிமம் தருகிறது. வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும் உரிமையாளர் பெயரும் கேட்கிறார்கள். அந்தப் பெயருக்குக் கீழே, ‘பகலில் சோறு போடுபவர்’ என்று இன்னொரு வரியையும் சேர்த்துவிடுமாறு ஆணையரைக் கேட்டுக்கொள்கிறோம். கையெழுத்தை அவரிடமே வாங்கவும்.